ட்ரேயைக் கழுவிவிடாதீர்கள்: ரோஸ்ட் செய்த கோழியின் சாற்றிலிருந்து கிரேவி

கேள்வி: இங்கிலாந்துக்கு வந்து ஓராண்டு ஆகிறது. நேற்று ஒரு முழுக் கோழியை ஓவனில் ரோஸ்ட் செய்தேன். ட்ரேயின் அடியில் எண்ணெயும் பழுப்பு நிறச் சாறும் நிறையத் தேங்கியிருந்தன. வீணாக்க மனமில்லாமல் ஒரு கிண்ணத்தில் வடித்து ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். கணவர் கொட்டிவிடச் சொல்கிறார். இதில் கிரேவி செய்ய முடியுமா? சென்ற மாதம் ஒருமுறை செய்து பார்த்தேன். கட்டி கட்டியாக வந்தது, மேலே எண்ணெய் மிதந்தது, உப்பும் கரித்தது.

பதில்:

கொட்டிவிடாதீர்கள். முதலில் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். சமைத்து முடித்த இரண்டு மணி நேரத்துக்குள் அந்தக் கிண்ணம் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட்டதா? போய்விட்டது என்றால், அந்தக் கோழியின் மிகச் சுவையான பகுதி இன்னும் உங்களிடம் இருக்கிறது. இரவு முழுவதும் சமையல் மேடையில் கிடந்து காலையில்தான் உள்ளே போனது என்றால், யோசிக்காமல் எறிந்துவிடுங்கள். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நான் யார்க்‌ஷயரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தவள். ஞாயிறுதோறும் நாற்பது பேருக்கு ரோஸ்ட் சமைப்போம். அங்கிருந்த பெரியவர்கள் இறைச்சி சற்று உலர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். உருளைக்கிழங்கு மொறுமொறுப்பாக இல்லாவிட்டாலும் பொறுத்துக்கொள்வார்கள். கிரேவி சரியில்லை என்றால் தட்டு பாதிச் சாப்பாட்டோடு திரும்பி வரும். திரும்பி வந்த அந்தத் தட்டுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் இதைக் கற்றுக்கொண்டேன்.

இப்போது கிண்ணத்தை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடிக் கிண்ணமாக இருந்தால் மூன்று அடுக்குகள் தெரியும். மேலே வெளிர் மஞ்சளாக உறைந்திருப்பது கோழியின் கொழுப்பு. அதன் கீழே பழுப்பாக, அசைத்தால் தளதளவென்று ஆடுவது சாறு. தோலிலும் மூட்டுகளிலும் இருந்த கொலாஜன் என்ற புரதம் சூட்டில் ஜெலட்டினாக மாறிச் சாற்றில் கரைந்துவிடுகிறது; அதனால்தான் குளிர்ந்ததும் சாறு இறுகி நிற்கிறது. அடியில் கருமணல்போல் படிந்திருப்பவை ட்ரேயிலிருந்து பெயர்ந்து வந்த துணுக்குகள். இந்த மூன்றையும் முதலில் பிரித்துக்கொண்டு, பிறகு அளவோடும் வரிசையோடும் சேர்த்தால் கிரேவி. சென்ற மாதம் நீங்கள் பிரிக்காமல் அப்படியே சட்டியில் கவிழ்த்து, மேலே மாவைத் தூவியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் சொன்ன மூன்று குறைகளும் அதோடு பொருந்துகின்றன.

செய்முறைக்குப் போகும் முன் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நம் வீடுகளில் கிரேவி என்றால் வெங்காயமும் தக்காளியும் வதக்கி, மசாலா சேர்த்துச் சுண்டவைத்த, குழம்பைவிடக் கெட்டியான ஒன்று. ஆங்கிலேயருக்கு அது இறைச்சி ரோஸ்ட் ஆகும்போது வடிந்ததைக் கொண்டு செய்யும் பழுப்பு நிறச் சாறு மட்டுமே. அந்தச் சொல்லின் கதை அழகானது. பழைய பிரெஞ்சு மொழியில் ‘கிரானே’ என்று ஒரு குழம்பு வகை இருந்தது. தானியம், மணி என்ற பொருள் கொண்ட சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்திருக்க வேண்டும் என்கிறார்கள் சொல்லாராய்ச்சியாளர்கள். மணி மணியான மசாலாப் பொருள்கள் சேர்ந்த குழம்பு அது. கையெழுத்துப் பிரதிகளில் ‘ன’ ஒலிக்கான எழுத்தும் ‘வ’ ஒலிக்கான எழுத்தும் ஒன்றுபோலவே இருந்ததால், படியெடுத்தவர்கள் அதை ‘கிராவே’ என்று படித்துவிட்டார்கள் என்பது அவர்கள் தரும் விளக்கம். 14ஆம் நூற்றாண்டின் ஆங்கிலச் சமையல் குறிப்புகளில் அது நுழைந்துவிட்டது. ஆக, மசாலாக் குழம்பை கிரேவி என்று அழைக்கும் நம் வழக்கம் அந்தச் சொல்லின் பழைய பொருளுக்குத்தான் நெருக்கமாக இருக்கிறது.

இன்னொரு சொல்லையும் தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தில் ‘ட்ரிப்பிங்’ என்றால் பெரும்பாலும் உறைந்த மாட்டுக் கொழுப்பு. அமெரிக்கக் குறிப்புகளில் ‘ட்ரிப்பிங்ஸ்’ என்றால் கொழுப்பு, சாறு, துணுக்கு என்று ட்ரேயில் வடிந்த எல்லாமே அடங்கும். ஒரு நாட்டின் குறிப்பை இன்னொரு நாட்டின் பொருளில் படித்தால் அளவு தப்பும். நீங்கள் படித்த குறிப்பு எந்த நாட்டுக்காரர் எழுதியது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

சரி, சுவை எங்கே இருக்கிறது? நம் வீட்டில் மட்டன் சுக்கா வறுத்து எடுத்த பிறகு, அதே சட்டியில் சூடான சோற்றைப் போட்டுப் பிரட்டிக் கொடுப்பார்களே, அந்தச் சோற்றுக்கு இருக்கும் ருசி கறியில்கூட இருக்காது. சட்டியின் அடியில் ஒட்டியிருந்த காந்தல்தான் அதற்குக் காரணம். ட்ரேயின் அடியில் ஒட்டியிருப்பதும் அதே காந்தல்தான். இறைச்சியிலிருந்து வடியும் நீரில் புரதத்தின் கூறுகளும் சிறிது சர்க்கரையும் இருக்கின்றன. நீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது, அதனால் நிறமும் மாறாது. நீர் வற்றி, ட்ரேயின் அடிப்பரப்பு 140 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறும்போது அந்தக் கூறுகளும் சர்க்கரையும் வேகமாக வினைபுரிந்து, பழுப்பு நிறமும் வாட்டிய மணமும் கொண்ட புதிய பொருள்களாகின்றன. 1912இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் பெயரால் மயார் வினை என்கிறார்கள். ரொட்டியின் மேல்தோலுக்கும் வறுத்த காப்பிக்கொட்டைக்கும் மணம் தருவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

காந்தல் வேறு, தீய்ந்தது வேறு. செம்பழுப்பாக, வெல்லப்பாகின் நிறத்தில் இருந்தால் காந்தல். கரிபோலக் கறுத்து, நாக்கில் வைத்தால் கசந்தால் அது தீய்ந்தது. கசப்பை எதைப் போட்டும் மறைக்க முடியாது. சர்க்கரை போட்டால் இனிப்போடு கசக்கும், அவ்வளவுதான். எனவே உங்கள் கிண்ணத்தின் அடியில் இருக்கும் துணுக்கில் ஒன்றை எடுத்து இப்போதே சுவைத்துப் பாருங்கள். கசந்தால் அந்த அடுக்கை மட்டும் விட்டுவிட்டு, மேலே இருக்கும் சாற்றையும் கொழுப்பையும் எடுத்துக்கொள்ளலாம். சாறும் கசந்தால் கிரேவி ஆசையை அடுத்த கோழிக்குத் தள்ளிவையுங்கள்.

இனி இன்றிரவு செய்ய வேண்டியது. ஃப்ரிட்ஜில் வைத்தது உங்களுக்குச் சாதகம். சூடாக இருக்கும்போது கொழுப்பைப் பிரிப்பது சிரமம், இப்போது ஒரு கரண்டியால் பாளம் பாளமாக எடுத்துவிடலாம். எடுத்த கொழுப்பைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். அடியில் நிற்கும் சாற்றுக்கட்டியை ஓர் அளவுக் குவளையில் போட்டு, மெல்ல இளக்கி, அதோடு சூடான ஸ்டாக் (எலும்போ காய்கறியோ வேகவைத்து வடித்த நீர்) ஊற்றி மொத்தம் 500 மில்லி ஆக்கிக்கொள்ளுங்கள். நான்கு பேருக்குத் தாராளமாகப் போதும்.

அடிகனமான சட்டியை மிதமான தீயில் வைத்து, எடுத்த கொழுப்பில் 2 மேசைக்கரண்டி மட்டும் போட்டு உருக்குங்கள். அதில் 3 மேசைக்கரண்டி மைதாவை, தலைதட்டிய அளவில், போட்டு விடாமல் கிளறுங்கள். எடையில் கொழுப்பும் மாவும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. மாவு லேசான பொருள் என்பதால் கரண்டிக் கணக்கு மாறுகிறது. முதல் ஒரு நிமிடம் பச்சை மாவு வாசனை வரும். மூன்று நான்கு நிமிடங்களில் அது போய், பிஸ்கெட் சுடும் மணம் எழும். நிறம் வறுத்த நிலக்கடலைப் பருப்பைப்போல் வந்ததும் அடுத்த வேலைக்குப் போகலாம். இன்னும் கருஞ்சிவப்பாக வறுத்தால் மணம் கூடும், ஆனால் மாவின் கெட்டியாக்கும் திறன் குறைந்துவிடும். அப்படி வறுக்க விரும்பினால் மாவை ஒரு கரண்டி கூட்டிப் போடுங்கள்.

இப்போது சூடான சாற்றில் ஒரே ஒரு கரண்டி ஊற்றி வேகமாக அடியுங்கள். மாவு அதை உடனே உறிஞ்சிக்கொண்டு களிபோல் இறுகும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் ஆக வேண்டும். இன்னொரு கரண்டி ஊற்றி, மீண்டும் வழுவழுப்பாகும்வரை அடியுங்கள். மூன்றாவது, நான்காவது கரண்டிக்குள் அது தோசை மாவுப் பதத்துக்கு இளகிவிடும். அதன் பிறகு மீதியை மொத்தமாக ஊற்றலாம். கொதி வந்ததும் தீயைத் தணித்து, 6 அல்லது 8 நிமிடம் மெல்லக் கொதிக்கவிடுங்கள். கொதி வருவதற்கு முன் கிரேவி நீர்த்திருக்கிறது என்று அவசரப்பட்டு மாவைச் சேர்க்காதீர்கள். கோதுமை மாவின் ஸ்டார்ச் 60 டிகிரிக்கு மேல்தான் உப்பத் தொடங்குகிறது. கொதிநிலையை நெருங்கும்போதுதான் முழுக் கெட்டித்தன்மை தெரியும். கரண்டியின் பின்புறத்தில் படிந்து, விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம். தட்டில் ஊற்றியதும் இன்னும் சற்று இறுகும் என்பதால், நீங்கள் விரும்பும் பதத்துக்கு ஒரு படி நீர்க்கவே இறக்குங்கள்.

மாவு கட்டிதட்டுவது ஏன் என்று புரிந்துவிட்டால் உங்களுக்கு அது மறுபடி நேராது. கேழ்வரகுக் கூழ் காய்ச்சும்போது மாவை நேராகக் கொதிநீரில் கொட்டமாட்டோம். பச்சைத் தண்ணீரில் கரைத்துத்தான் ஊற்றுவோம். உலர்ந்த மாவு சூடான நீரில் விழுந்தால் ஒவ்வோர் உருண்டையின் வெளிப்புறமும் உடனே வெந்து பசையாகிவிடுகிறது. உள்ளே இருக்கும் மாவுக்குத் தண்ணீர் போக வழியில்லை. கொழுப்பில் வறுத்தால் ஒவ்வொரு மாவுத்துகளைச் சுற்றியும் எண்ணெய் படிந்து, அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் விலகி நிற்கின்றன. இரண்டு வழிகளும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. வறுக்க நேரமில்லை என்றால் கூழ் முறையையே பின்பற்றலாம். ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று அதிகமான சோளமாவை (கடையில் கார்ன்ஃப்ளோர் என்று கிடைப்பது) பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் சாற்றில் ஊற்றிக் கிளறினால் ஒரு நிமிடத்தில் கெட்டியாகும். மைதாவில் பாதி அளவு சோளமாவு போதும். ஆனால் அது கண்ணாடிபோல் பளபளக்கும், நெடுநேரம் கொதித்தால் நீர்த்துப்போகும், ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் தண்ணீர் விட்டுவிடும். எனக்கு மைதா வறுத்துச் செய்த கிரேவியின் கனமும் மணமும்தான் பிடிக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டில் இருந்தால் சோளமாவுதான் சரி.

எப்படியோ கட்டி விழுந்துவிட்டால் வடிகட்டியில் ஊற்றி வடித்துவிடுங்கள். முதியோர் இல்லத்தில் நாங்கள் கட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வடிகட்டித்தான் பரிமாறுவோம், விழுங்கச் சிரமப்படுபவர்கள் இருந்தார்கள்.

எண்ணெய் மிதந்ததற்குக் காரணம் கணக்குதான். மாவால் தாங்கக்கூடிய அளவைவிடக் கொழுப்பு அதிகமானால் மிச்சம் மேலே வந்து நிற்கும். ஒரு முழுக் கோழி கிரேவிக்குத் தேவையானதைவிட அதிகக் கொழுப்பைத் தருவது வழக்கம். வாத்து என்றால் கேட்கவே வேண்டாம். எனவே எல்லாவற்றையும் போடாமல் அளந்து போடுங்கள். ஏற்கனவே மிதக்கிறது என்றால், அடுப்பை அணைத்துச் சற்று ஆறவிட்டு, மேலாகக் கரண்டியால் அள்ளிவிடலாம்.

உப்புக்கு வருவோம். கோழியின் மேல் நீங்கள் தடவிய உப்பில் கணிசமான பகுதி கரைந்து ட்ரேயில்தான் இறங்குகிறது. அங்கே நீர் வற்ற வற்ற உப்பு செறிகிறது. அதோடு கடையில் வாங்கிய ஸ்டாக் கட்டியையும் கரைத்து ஊற்றினால் கரிக்காமல் என்ன செய்யும்? அந்தக் கட்டியில் பெரும்பங்கு உப்பு. சாறு இருக்கும்போது சேர்க்கும் நீர்மம் உப்பில்லாததாக இருக்க வேண்டும். உப்பை, கிரேவி முழுதாகக் கெட்டிப்பட்ட பிறகு, சுவைத்துப் பார்த்து, கடைசியில்தான் போட வேண்டும். பல முறை எனக்குப் போடத் தேவையே இருந்ததில்லை. அமெரிக்காவில் நன்றி நவிலல் நாளுக்கு வான்கோழியை உப்புநீரில் ஊறவைத்து ரோஸ்ட் செய்யும் பழக்கம் பரவலாக உண்டு. அப்படிச் செய்த பறவையின் சாறு இன்னும் கரிக்கும், அதில் பாதியை மட்டும் எடுத்து வெறும் தண்ணீரால் நிரப்புவதே பாதுகாப்பு. உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை உறிஞ்சிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது உப்புநீரை எடுத்துக்கொள்ளுமே தவிர உப்பை மட்டும் பிரித்தெடுக்காது. உப்பில்லாத ஸ்டாக்கைக் கூட்டி, கிரேவியின் அளவைப் பெருக்குவதுதான் ஒரே வழி.

அந்த உப்பில்லாத ஸ்டாக்குக்கு எங்கே போவது? நேற்றைய கோழியின் எலும்புக்கூடு இன்னும் இருக்கிறதா? இருந்தால் அதைக் கையால் உடைத்து, ஒரு வெங்காயத்தைத் தோலோடு நான்காக வெட்டிச் சேர்த்து, 200 டிகிரி ஓவனில் அரை மணி நேரம் சிவக்க வையுங்கள். பிறகு மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி ஒன்றரை மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட்டு வடியுங்கள். வெங்காயத் தோல் நல்ல நிறம் கொடுக்கும். நேற்று ட்ரேயைச் சுரண்டாமல் கழுவியிருந்தால் காந்தலில் பெரும்பகுதி குழாயோடு போயிருக்கும். எலும்பைச் சிவக்க வைப்பது அந்த இழப்பில் கொஞ்சத்தை மீட்டுத் தரும். கோழியோடு வந்த ஈரலை மட்டும் ஸ்டாக்கில் போடாதீர்கள், கசப்பேறும். எலும்பும் இல்லை என்றால் உருளைக்கிழங்கோ கேரட்டோ வேகவைத்த தண்ணீர் போதும். வடக்கு இங்கிலாந்தின் பாட்டிமார் பலரும் காய்கறி வெந்த தண்ணீரைக் கீழே ஊற்றவே மாட்டார்கள், அதில்தான் கிரேவி கரைப்பார்கள். அவர்கள் செய்தது சரி. அந்தத் தண்ணீரில் கொஞ்சம் ஸ்டார்ச்சும் கொஞ்சம் இனிப்பும் இருக்கிறது.

சுவை தட்டையாக இருந்தால் நான் முதலில் தேடுவது புளிப்பைத்தான். கொழுப்பும் ஜெலட்டினும் நாக்கை மூடிவிடும். ஒரு துளிப் புளிப்பு அதைத் திறக்கும். அரைத் தேக்கரண்டி வினிகரோ எலுமிச்சைச் சாறோ போதும். இங்குள்ள வீடுகளில் வூஸ்டர் சாஸ் சில சொட்டு விடுவார்கள். 1830களில் வூஸ்டர் நகரில் விற்பனைக்கு வந்த அந்தச் சாஸின் சேர்மானத்தில் நெத்திலியும் நம் புளியும் இருக்கின்றன. லேபிளைத் திருப்பிப் பாருங்கள், புளி என்று அச்சிட்டிருப்பதைக் காண்பீர்கள். பருப்பும் குழம்பும் சமைத்துப் பழகிய கைக்கு இந்தப் புளிப்புக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மிளகாய்த்தூளோ கரம் மசாலாவோ சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். கோழியின் மேலேயே மசாலா தடவி ரோஸ்ட் செய்திருந்தால் சாற்றிலும் அது இறங்கியிருக்கும். அது நன்றாகவே இருக்கும். ஆனால் உப்பும் மிளகும் மட்டும் போட்ட கோழியின் சாற்றில் பிறகு மசாலாவைக் கொட்டாதீர்கள். இந்தக் கிரேவியின் அருமை அது ஒரே ஒரு கோழியின் சுவையை மட்டும் சொல்வதில் இருக்கிறது. நொறுக்கிய மிளகு, இரண்டு தைம் இலைக்கொத்து, இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை ரோஸ்ட் செய்யும்போது தொடக்கத்திலிருந்தே கிரேவியை மனத்தில் வைத்து வேலை செய்யுங்கள். கோழியை வெறும் ட்ரேயில் வைக்காமல், தடிமனாக வெட்டிய வெங்காயமும் கேரட்டும் பரப்பி அதன்மேல் வையுங்கள். ட்ரே கோழியைவிட மிகப் பெரிதாக இருக்கக் கூடாது. அகன்ற ட்ரேயில் சாறு மெல்லிய படலமாகப் பரவிச் சீக்கிரம் தீய்ந்துவிடும். பாதி நேரத்தில் எட்டிப் பாருங்கள். அடி கறுக்கத் தொடங்கினால் அரைக் குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். கோழி வெந்ததும் (தொடையின் தடித்த பகுதியில் 74 டிகிரி) அதைத் தட்டுக்கு மாற்றி 20 நிமிடம் அப்படியே விடுங்கள். அந்த இருபது நிமிடம்தான் உங்கள் கிரேவி நேரம். ட்ரேயில் இருப்பதை ஒரு குவளையில் சாய்த்துவிட்டு, ட்ரேயை நேராக அடுப்பில் வைத்து, கொஞ்சம் ஸ்டாக் ஊற்றிக் கொதிக்கவிட்டு, மரக்கரண்டியால் மூலை முடுக்கெல்லாம் சுரண்டுங்கள். வெள்ளை ஒயின் பயன்படுத்துபவர்கள் அதை இங்கே ஊற்றுவார்கள். ஒட்டியிருந்தது எல்லாம் கரைந்து, தெளிந்த நீர்மம் நொடியில் பழுப்பாக மாறும். எத்தனை ஆண்டு பார்த்தாலும் எனக்கு அந்தக் காட்சி சலித்ததில்லை. ஓய்வெடுக்கும் கோழியிலிருந்து தட்டில் வடியும் சாற்றையும் கடைசியில் கிரேவியில் சேர்க்க மறக்காதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. இதை உலோக ட்ரேயில் மட்டும் செய்யுங்கள். கண்ணாடி ட்ரேயை, அது ஓவனுக்கானது என்றே எழுதியிருந்தாலும், தீயில் வைக்கக் கூடாது. சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றவும் கூடாது. என் முதல் ஆண்டில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் அப்படி ஊற்றினார்; ட்ரே வெடித்துத் துண்டுகள் சமையலறை முழுவதும் சிதறின. அன்றைய உணவு முழுவதையும் எறிந்தோம். யார் கண்ணிலும் படாமல் போனது எங்கள் நல்ல நேரம். கண்ணாடி ட்ரே என்றால், வெந்நீர் ஊற்றிச் சுரண்டி, அதைச் சட்டிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மற்ற இறைச்சிகளுக்கும் வழி இதுவேதான். ஆட்டுக்குட்டியின் கொழுப்புக்கு வாடை அதிகம், சீக்கிரம் உறையும், அண்ணத்தில் மெழுகுபோல் ஒட்டும். எனவே அதில் பெரும்பகுதியை நீக்கிவிட்டு, வெண்ணெயில் மாவை வறுப்பேன். இறுதியில் சிவப்பு கரன்ட் என்ற புளிப்புப் பழத்தின் ஜெல்லி ஒரு கரண்டி கரைப்பது இங்குள்ள வழக்கம். பன்றி இறைச்சியின் சாறு வெளிறியிருக்கும், கொஞ்சம் ஆப்பிள் சாறு அதற்கு நன்றாகச் சேரும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் சாசேஜ் வறுத்த கொழுப்பில் மாவை வறுத்து, ஸ்டாக்குக்குப் பதிலாகப் பால் ஊற்றி, வெள்ளைக் கிரேவி செய்து, பிஸ்கெட் என்று அவர்கள் அழைக்கும் மென்மையான ரொட்டியின்மேல் ஊற்றுகிறார்கள். அங்கேயே உப்பிட்ட பன்றித்தொடையை வறுத்த சட்டியில் மாவே இல்லாமல் கறுப்புக் காப்பியை ஊற்றிச் செய்யும் ‘ரெட் ஐ’ கிரேவியும் உண்டு. காந்தலைக் கரைக்க எந்த நீர்மமும் உதவும் என்பதற்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது.

மிஞ்சும் கொழுப்பைப் பற்றி உங்கள் கணவரிடம் சொல்ல இரண்டு செய்திகள் இருக்கின்றன. முதலாவது, எக்காரணம் கொண்டும் அதைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. 2017இல் லண்டன் வைட்சேப்பல் பகுதியின் கழிவுநீர்ப் பாதையில் கொழுப்பும் ஈரத்துடைப்பான்களும் சேர்ந்து 250 மீட்டர் நீளத்துக்கு, 130 டன் எடையில் பாறையாக இறுகிக் கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். அதை அகற்ற வாரக்கணக்கில் ஆனது. வீடுகளிலும் உணவகங்களிலும் தொட்டியில் ஊற்றியதுதான் அங்கே போய்ச் சேர்ந்தது. எறிவதென்றால் உறையவைத்துக் குப்பையில் போடுங்கள்.

இரண்டாவது, அது எறியத் தக்க பொருளே அல்ல. யார்க்‌ஷயர் புட்டிங் என்று இங்கே கொண்டாடப்படும் உணவு பிறந்ததே இந்தக் கொழுப்பைப் பிடிப்பதற்காகத்தான். நெருப்பின் முன்னால் இறைச்சி சுழன்று வேகும்போது, அதன் கீழே மாவுக் கரைசல் ஊற்றிய தட்டை வைத்து, சொட்டும் கொழுப்பில் அதை வேகவைத்தார்கள். 1747இல் சமையல் நூலாசிரியர் ஹன்னா கிளாஸ் வெளியிட்ட செய்முறையிலேயே அது யார்க்‌ஷயர் என்ற பெயரோடு வருகிறது. என் இல்லத்துப் பெரியவர்களுக்கு இன்னொரு நினைவு இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது 1940இல் தொடங்கிய உணவுப் பங்கீடு பிரிட்டனில் 1954 ஜூலையில்தான் முழுதாக முடிந்தது. இறைச்சிதான் கடைசியாக விடுபட்டது. அந்த ஆண்டுகளில் பிள்ளைகளாக இருந்தவர்கள், ஞாயிறு இறைச்சியின் உறைந்த கொழுப்பைத் திங்கட்கிழமை ரொட்டியில் தடவி, உப்புத் தூவித் தின்றதைப் பற்றிப் பேசும்போது குரல் மாறிவிடும். அடியில் நிற்கும் பழுப்புச் சாற்றுக்கட்டியும் சேர்ந்து வந்தால் அதற்கு யார்க்‌ஷயரில் ‘மக்கி ஃபேட்’ என்று பெயர். அழுக்குக் கொழுப்பு என்று பொருள், ஆனால் அந்த அழுக்குக்காகத்தான் பிள்ளைகள் சண்டை போட்டிருக்கிறார்கள். 98 வயதான ஒரு மூதாட்டிக்கு, வேறு எதையும் உண்ண மறுத்த ஒரு வாரத்தில், நான் அதைச் செய்துகொடுத்தேன். இரண்டு துண்டு சாப்பிட்டார்.

உங்கள் கோழிக் கொழுப்பை வடிகட்டி ஒரு சீசாவில் ஊற்றி வையுங்கள். சாறு கலக்காத சுத்தமான கொழுப்பு, நீர்ச்சத்து இல்லாததால், ஃப்ரிட்ஜில் சாற்றைவிட நெடுநாள் தாங்கும். உருளைக்கிழங்கு வறுக்க அதற்கு நிகர் இல்லை.

சாறும் கிரேவியும் அப்படித் தாங்காது. தொடக்கத்தில் சொன்ன இரண்டு மணி நேரக் கணக்கின் காரணம் இதுதான். குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்ஜென்ஸ் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள் சமையல் சூட்டிலும் சாவதில்லை. ஆழமான பாத்திரத்தில் இறைச்சிச் சாறு மெல்ல ஆறும்போது, அந்த வெதுவெதுப்பில் அவை முளைத்து வேகமாகப் பெருகுகின்றன. கிரேவியும் பெரிய அளவில் சமைத்த இறைச்சியும் அவற்றுக்கு மிகவும் ஏற்ற இடம். வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் வரும். திடமானவர்கள் ஒரு நாளில் தேறுவார்கள், முதியவர்களுக்கு ஆபத்து. அதனால்தான் இங்கிலாந்தில் பரிமாறக் காத்திருக்கும் சூடான உணவை 63 டிகிரிக்குக் குறையாமல் வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. வெப்பமானியை வைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டே இருப்போம். வீட்டில், மிஞ்சிய கிரேவியை அகலமான தட்டையான பாத்திரத்தில் ஊற்றிச் சீக்கிரம் ஆறவைத்து உள்ளே வையுங்கள். இங்குள்ள உணவுத் தர முகமை மிச்ச உணவை 48 மணி நேரத்துக்குள் சாப்பிடச் சொல்கிறது. அதற்கு மேல் என்றால் ஃப்ரீசர்தான். பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்தால் வேண்டியபோது நான்கு கட்டி எடுத்துக்கொள்ளலாம். மீண்டும் சூடாக்கும்போது கொப்புளம் விட்டுக் கொதிக்க வேண்டும், அதுவும் ஒரே ஒரு முறை.

பொடி வாங்கிக் கரைத்தால் போதாதா என்றும் நீங்கள் யோசித்திருக்கலாம். பிஸ்டோ என்ற கிரேவிப் பொடி 1908இலிருந்து பிரிட்டனில் விற்பனையாகிறது, பல வீடுகளில் கிரேவி என்றாலே அதுதான். அவசரத்துக்கு அதில் தவறில்லை. கோழி வாங்காத நாளில் சாசேஜுக்கு நானும் அதைக் கரைத்திருக்கிறேன். ஆனால் ட்ரேயில் காந்தலும் கிண்ணத்தில் சாறும் இருக்கும்போது டப்பாவைத் திறப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. அதன் நிறமும் உப்பும் கெட்டித்தன்மையும் தொழிற்சாலையில் சேர்த்தவை; உங்கள் கோழியின் மணம் அதில் வர வழியே இல்லை.

இன்றிரவு கிரேவியை இறக்குவதற்கு முன், அதை ஊற்றப்போகும் ஜாடியில் வெந்நீர் ஊற்றி இரண்டு நிமிடம் வைத்துக் கொட்டிவிடுங்கள். குளிர்ந்த ஜாடியில் ஊற்றினால் மேசைக்குப் போகும் முன்பே மேலே ஆடை கட்டிவிடும். மிஞ்சிய இறைச்சியைத் தனியாகச் சூடாக்கினால் உலர்ந்துபோகும். மெல்லிய துண்டுகளாக நறுக்கி, கொதிக்கும் கிரேவியிலேயே போட்டு, உள்ளேயும் ஆவி பறக்கும்வரை சூடாக்கிப் பரிமாறுங்கள். பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கு. நடுவில் கரண்டியால் ஒரு குழி பறித்து, அதில் கிரேவியை நிரப்பி உங்கள் கணவரிடம் கொடுங்கள்.